கவட்டை இலை

என் முதல் 23 பொட்டலங்களும் ஒரே வாரத்தில் பூஞ்சணம் பூத்துப் போயின.

நவம்பர் மாதம். நீலகிரியில் மழை எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் பெய்யாது. கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் ஆடியில் கொட்டும். கோத்தகிரி, குன்னூருக்கு ஐப்பசியும் கார்த்திகையும்தான் மழைக்காலம். அந்த மழையில் மூன்று நாள் அலைந்து பொறுக்கிய பாசிகளை, நனைந்துவிடக் கூடாதே என்று பிளாஸ்டிக் பையில் போட்டேன். வாயை இறுக்கிக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு இன்டர்னல் பரீட்சைக்குப் போய்விட்டேன். எட்டாம் நாள் பிரித்தால், காகிதமெல்லாம் வெள்ளை மயிர் முளைத்திருந்தது. உள்ளே பழுப்புக் கூழ். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுக்குத்தான் ஜுரத்தோட மூணு நாள் அலைஞ்சியா?" என்றாள்.

பாசிக்கு மழை பகை இல்லை. அது குடித்து வைத்திருக்கும் தண்ணீரை வெளியே விடாமல் நாம் அடைத்ததுதான் பகை. அதற்குப் பிறகு காகிதப் பொட்டலம்தான், மளிகைக் கடையில் கடுகு மடிப்பார்களே அந்த மாதிரி. வீட்டுக்கு வந்ததும் பொட்டலத்தின் வாயைத் திறந்து நிழலில் காற்றாட இரண்டு மூன்று நாள் வைத்தால் பாசி தானாகக் காய்ந்துவிடும். காய்ந்தது பல வருடம் அப்படியே இருக்கும். பூச்செடிகளைப்போல் செய்தித்தாளுக்கு இடையில் வைத்து அழுத்தக் கூடாது. இலைகள் நிற்கும் விதமே குலைந்துவிடும். எழுதுவதற்குப் பென்சில். மூடுபனியில் ஈரமான காகிதத்தில் பால் பேனா எழுதாது, ஜெல் பேனா எழுதியது கரைந்து ஓடும். எந்த இடம், என்ன உயரம், கல்லிலா மண்ணிலா மரத்திலா, என்ன தேதி என்பதைப் பாசியை உள்ளே வைப்பதற்கு முன்பே பொட்டலத்தின் மேல் எழுதிவிட வேண்டும். "அப்புறம் எழுதிக்கலாம்" என்று விட்ட ஆறு பொட்டலங்கள் இன்றும் என்னிடம் அநாதையாக இருக்கின்றன.

நான் ஊட்டியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் முதுகலை படித்த இரண்டு வருடத்துக் கதை இது. வீடு கேத்திப் பள்ளத்தாக்கில். அப்பா குத்தகை நிலத்தில் உருளைக்கிழங்கும் கேரட்டும் போடுகிறவர். ப்ராஜெக்டுக்கு வகுப்பில் முக்கால்வாசிப் பேர் மூலிகை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இன்னொரு மூலிகைப் பட்டியல் எழுத மனமில்லை. "அப்ப பாசி பாரு, இங்க யாரும் தொடலை" என்றார் மேடம். யாரும் தொடாததற்குக் காரணம் இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல் தொல்லை பெயரிலேயே. குளத்தில் மிதப்பதும் பாசி, கிணற்றுப் படியில் வழுக்குவதும் பாசி, கழுத்தில் போடுவதும் பாசி, பாயசத்துக்கு வறுப்பதும் பாசி. எஸ்டேட்டில், "கல்லெல்லாம் பாசம் புடிச்சிருக்கு, பாத்து வா" என்பார்கள். குளத்தில் இருப்பது ஆல்கா. அதில் தண்டு, இலை என்று பிரித்துச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் பார்க்கப் போனது மாஸ். அதற்குத் தண்டு உண்டு, இலை உண்டு, உண்மையான வேர் மட்டும் கிடையாது; பிடிமானத்துக்கு நூல்போன்ற வேரிகள் இருக்கும். இலை பெரும்பாலும் ஒரே ஒரு செல் கனம்தான். சொந்தக்காரர்கள் கேட்டால் முதலில் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். பிறகு "ஆமாங்க, குளத்துல இருக்குமே, அதேதான்" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தேன்.

காப்புக்காட்டுக்குள் போக வேண்டுமானால் வனத்துறையின் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். அது இல்லாமல் ஒரு கைப்பிடிப் பாசிகூட எடுக்கக் கூடாது. கடிதம் கையில் வரும்வரை ரோட்டோர மண்சரிவு, தோட்டத்து வாய்க்கால், கல்கட்டுச் சுவர் என்று சுற்றினேன். அதில் ஒரு குறையும் இல்லை. பாசி பார்க்கப் பெரிய காடு வேண்டியதில்லை; ஈரமும் நிழலும் இருந்தால் பஸ் ஸ்டாப் சுவர்கூடப் போதும்.

நான் தேடிய பாசி கிடைத்ததும் அப்படி ஓரிடத்தில்தான். கோத்தகிரிக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டம் முடிந்து சோலை தொடங்கும் இடம். மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு ஓடையில் இறங்கினேன். தண்ணீர் தெறிக்கும் பாறையின் பக்கவாட்டில், பறவைச் சிறகை நட்டுவைத்ததுபோல் தட்டையான தண்டுகள், மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளம், கும்பலாகக் கீழ்நோக்கித் தொங்கின. அழகுதான். கைலென்ஸை எடுத்தேன். (லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு பாசியை லென்ஸுக்குக் கொண்டுவர வேண்டும். பாசிக்கு மேலே லென்ஸைப் பிடித்து எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. முதல் மாதம் முழுக்க நான் அப்படித்தான் பார்த்தேன்.) மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"மருந்தா கண்ணு?"

"இல்லக்கா. இதுக்குப் பேரு என்னன்னு கண்டுபிடிக்கணும்."

"பேரு தெரிஞ்சா?"

எனக்குப் பதில் வரவில்லை. அவரே, "சரி, கால்ல அட்டை பாத்துக்கோ" என்றார். மூன்று அட்டைகள் இருந்தன.

உள்ளங்கையில் பாதி அளவுக்குத்தான் எடுத்தேன். பொட்டலம் எண் 31. இரண்டு நாள் கழித்து வீட்டில் அதைப் பிரித்தபோது, பொட்டலம் மாறிவிட்டதோ என்று நினைத்தேன். சிறகு எங்கே? காய்ந்து சுருண்ட முருங்கைக்கீரை மாதிரி ஏதோ கிடந்தது. வாட்ச் கிளாஸ் என்ற சின்னக் கண்ணாடித் தட்டில் போட்டு நாலு சொட்டு வெந்நீர் விட்டேன். ஒவ்வொரு இலையாக முறுக்குப் பிரிந்து, ஒரு நிமிடத்துக்குள் மறுபடி சிறகு.

பாசியைப் படிப்பவருக்கு ஒரே செடி இரண்டு செடி. காய்ந்தபோது எப்படி இருந்தது என்பதும் அடையாளம், நனைந்தபோது எப்படி இருந்தது என்பதும் அடையாளம். சில சிற்றினங்கள் காய்ந்தாலும் இலை நேராகவே நிற்கும்; சில இதைப்போல் சுருளும். அதனால் வெந்நீர் விடுவதற்கு முன் காய்ந்த செடியை ஒரு தடவை வரைந்துவிட வேண்டும். நனைத்த பிறகு அந்த அடையாளம் போய்விடும்; மறுபடி காயவைத்து இன்னொரு நாள் பார்க்க வேண்டியதுதான்.

பேரினம் என்ன என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. பெரும்பாலான மாஸ்களில் தண்டின் நுனியில் இருக்கும் ஒற்றைச் செல் மூன்று முகங்களில் மாறி மாறிப் புதுச் செல்களை வெட்டிக் கொடுக்கும்; இலைகள் தண்டைச் சுற்றி எல்லாத் திசையிலும் வரும். ஃபிசிடென்ஸ் என்ற பேரினத்தில் வளர்ந்த தண்டின் நுனிச் செல்லுக்கு இரண்டே முகம். இடம், வலம், இடம், வலம் என்று இலை இரண்டே வரிசையில் வரும். வேறு சில பாசிகளும் இலைகளை இரு பக்கமும் படுக்கவைத்துத் தட்டையாகத் தோன்றி ஏமாற்றும். வித்தியாசம் இலையின் அடியில் இருக்கிறது. வசம்புச் செடியைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்கு எளிதில் புரியும்: ஒரு இலையின் அடி கத்தி உறைபோல் பிளந்து, அடுத்த இலையின் அடியைக் கவ்வியிருக்கும். இலையின் முகம் தண்டைப் பார்க்காது, விளிம்புதான் பார்க்கும். ஃபிசிடென்ஸும் அப்படியே, நூறில் ஒரு பங்கு அளவில்.

இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தவர் ஹெட்விக் என்ற தாவரவியலாளர், 1801-இல் வெளிவந்த நூலில். ஸ்பாக்னம் என்ற சதுப்புநிலப் பாசி நீங்கலாக மற்ற மாஸ்களின் பெயர்க் கணக்கெல்லாம் அந்த நூலிலிருந்துதான் தொடங்குகிறது. ஃபிசிடென்ஸ் என்றால் லத்தீனில் பிளந்த பல். பல்லுக்குப் பிறகு வருகிறேன்.

சிற்றினத்துக்குத்தான் ஏழு மாதம் ஆனது. உலகத்தில் ஃபிசிடென்ஸ் சிற்றினங்கள் 400-க்கு மேல். அவற்றைப் பிரிக்கும் அடையாளங்கள் இலையை வெட்டினால்தான் தெரியும். ஒரு செல் கனமுள்ள இலையைக் குறுக்காக வெட்ட வேண்டும், கையால், சவர பிளேடால்.

லேபில் இருந்த அண்ணன்தான் வழி சொன்னார். "உங்க வீட்டுல இல்லாத கேரட்டா?" கேரட்டில் விரல் அளவு ஒரு துண்டு நறுக்கி, நடுவில் ஒரு பிளவு கீறி, நனைந்த தண்டின் நுனியை இலைகளோடு அப்படியே அந்தப் பிளவில் சொருக வேண்டும். புது பிளேடை இரண்டாக ஒடித்துக்கொண்டு, கேரட்டையும் பிளேடையும் தண்ணீரில் நனைத்து, ஒரே இழுப்பில் சீவ வேண்டும். ரம்பம்போல் அறுக்கக் கூடாது. சீவல்களை வாட்ச் கிளாஸ் தண்ணீரில் உதறிவிட்டு, கேரட்டைத் தள்ளிப் பச்சைத் துணுக்குகளை மட்டும் சின்ன பிரஷ்ஷால் ஸ்லைடுக்கு மாற்ற வேண்டும். தனி இலையைப் பிடித்து வெட்டுவதைவிட முழுத் தண்டையும் சேர்த்து வெட்டுவது நல்லது. ஒரே சீவலில் நாலைந்து இலைகள், ஒவ்வொன்றும் வேறு வேறு உயரத்தில் வெட்டுப்பட்டுக் கிடைக்கும். முப்பது சீவினால் மூன்று தேறும். பத்துப் பதினைந்து இழுப்புக்குள் பிளேடின் முனை மழுங்கிவிடும். பிளேடில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

அப்படித் தேறிய முதல் சீவலில் தெரிந்தது ஒரு கவட்டை. உண்டிவில்லுக்குக் கொய்யா மரத்தில் வெட்டுவோமே, அதே வடிவம். கீழே ஒரு கைப்பிடி, மேலே இரண்டு கை, மூன்றும் சேரும் இடத்தில் தடித்த முடிச்சு. பிளேடு இலையைக் கிழித்துவிட்டது என்று நினைத்து ஸ்லைடைக் கழுவினேன். அடுத்ததிலும் கவட்டை. அதையும் கழுவினேன். மாலைக்குள் ஒரு டஜன் ஸ்லைடு கழுவியிருப்பேன். அந்தப் பக்கம் வந்த மேடத்திடம், "எல்லாமே கிழியுது மேடம்" என்றேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "எல்லா இலையையும் ஒரே மாதிரி கிழிக்கிற பிளேடை எந்தக் கடையில வாங்கின?" என்றார்.

கிழிசல் இல்லை, அதுதான் இலை. ஃபிசிடென்ஸ் இலையின் அடிப்பாதியில் இரண்டு தகடுகள் தண்டை இருபுறமும் தழுவிப் பைபோல் நிற்கும்; அவைதான் கவட்டையின் இரண்டு கை. முதுகுப் பக்கம் நீளும் தகடு கைப்பிடி. நடு நரம்புதான் முடிச்சு. மேல்பாதியில் வெட்டினால் கவட்டை இருக்காது, நரம்பு நடுவில் தடித்த ஒரு நேர்க்கோடு மட்டும். தழுவும் இரட்டைத் தகடுதான் மற்ற பாசிகளின் இலைக்குச் சமமானது, நுனித் தகடும் முதுகுத் தகடும் இதில் கூடுதலாக வளர்ந்தவை என்பது பழைய விளக்கம். அன்று கழுவிய ஸ்லைடுகளை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது. புத்தகத்தில் இலை என்றால் இப்படித்தான் என்று படித்திருந்தேன். கண்ணுக்கு முன்னால் இருந்ததை அதனால்தான் பன்னிரண்டு தடவை நம்பவில்லை.

அடுத்த தவறு இன்னும் பெரியது, இரண்டு மாதத்தைத் தின்றது. இலையை அப்படியே வைத்துப் பார்த்தால் ஓரம் முழுக்க வெளிர்நிறக் கோடு ஒன்று ஓடியது. சிற்றினம் கண்டுபிடிக்க, கேள்விக்குக் கேள்வி கிளை பிரிந்து போகும் அட்டவணை ஒன்று உண்டு; அதற்குப் பெயர் கீ. அதில் முதல் கேள்விகளில் ஒன்று, இலை ஓரத்தில் லிம்பிடியம் உண்டா இல்லையா. லிம்பிடியம் என்றால் கரை. என் இலையில் கரை பளிச்சென்று தெரிகிறது. 'உண்டு' என்ற கிளையில் இறங்கினேன். இறங்க இறங்க, சில மில்லிமீட்டர் உயரமே வளரும் குட்டிச் சிற்றினங்களின் நடுவில் போய் நின்றேன். என் செடியோ நாலு சென்டிமீட்டர். அப்போதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். "ஓடைக்கரை, நல்ல ஈரம், பெருசா வளந்திருக்கும்" என்று நோட்டில் எழுதி வைத்தேன். அந்த வரி இன்னும் இருக்கிறது, அடிக்கவில்லை.

லிம்பிடியம் என்பது நிறமில்லை, செல்லின் வடிவம். வேட்டியின் கரை வேறு நூலால் நெய்தது. அதுபோல் லிம்பிடியத்தில் ஓரத்துச் செல்கள் மட்டும் நூல்போல் நீண்டு, உள்ளே இருக்கும் வட்டச் செல்களிலிருந்து முற்றிலும் வேறாக இருக்கும். என் பாசியில் ஓரத்துச் செல்களும் உள்ளே இருப்பவைபோல் குட்டையானவைதான். மூன்று முதல் ஐந்து வரிசை, சுவர் மட்டும் தடித்து, மேற்பரப்பு வழவழப்பாக இருந்ததால் வெளுப்பாகத் தெரிந்தன. அது கரை இல்லை, ஓரம் வெளுத்த அதே துணி.

இதைக் கண்டதும் கீயில் மேலே ஏறி 'இல்லை' கிளைக்குப் போனேன். அதில் பெரிய உருவம் கொண்டவை கொஞ்சம்தான். அவற்றில் ஃபிசிடென்ஸ் நோபிலிஸ் என்பதோடு குழப்பம் வந்தது. அதுவும் பெரியது, அதற்கும் ஓரத்தில் பட்டை உண்டு. மறுபடி கேரட், மறுபடி பிளேடு. நோபிலிஸின் ஓரம் வெட்டில் இரண்டு மூன்று செல் கனத்தில் தடித்திருக்கும், உள்செல்கள் வழவழப்பு. என்னுடையதில் ஓரம் ஒரே செல் கனம். உள்செல்கள் ஒவ்வொன்றும் இரு பக்கமும் குமிழ்போல் புடைத்து, குறுக்குவெட்டில் பாசிமணி கோத்த சரம்போல் இருந்தன. இலை நுனியில் ஒழுங்கில்லாத பற்கள். காய்ந்தால் சுருளும் பழக்கமும் சேர்ந்தது. எல்லாம் ஒரே பெயரில் வந்து நின்றன: ஃபிசிடென்ஸ் அனாமலஸ்.

இந்தக் கலவரத்துக்குப் பிறகு மேடம் ஒரு வேலை வைத்தார். கீயைத் தொடுவதற்கு முன் செடியைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். கீயில் வரும் சொற்களே அதில் வரக் கூடாது. "ஓரத்தில் வெளிர்ப்பட்டை, செல்கள் வட்டம், சுவர் தடிப்பு" என்று எழுதலாம், "லிம்பிடியம்" என்று எழுதக் கூடாது. கூடவே படம். போட்டோ எடுப்பது நல்லதுதான், நானும் போனை மைக்ராஸ்கோப்பின் கண்ணில் வைத்து நூற்றுக்கணக்கில் எடுத்தேன். ஆனால் வரையும்போதுதான் இரண்டு செல்லுக்கு நடுவில் சுவர் எங்கே போகிறது என்று பார்க்கத் தோன்றும். என் படங்கள் கோணல்மாணல். பரவாயில்லை, பென்சில் நிற்கும் இடமெல்லாம் நான் சரியாகப் பார்க்காத இடம்.

இன்னொரு மோசடி அளவில் நடந்தது. எங்கள் லேப் மைக்ராஸ்கோப்பின் பெரிய லென்ஸில் பூஞ்சணம் படிந்திருந்தது என்பது ஒரு பக்கம். (நீலகிரியில் பூஞ்சணத்துக்குப் பொட்டலமும் ஒன்று, லென்ஸும் ஒன்று.) கண்லென்ஸில் இருக்கும் அளவுகோலுக்குத் தனியாக மதிப்பு கிடையாது. ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் என்ற, அளவு பொறித்த ஸ்லைடை வைத்து ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு கோடு எத்தனை மைக்ரோமீட்டர் என்று கணக்கிட வேண்டும். நான் 10 மடங்கு லென்ஸுக்குக் கணக்கிட்டு, ஒரு கோடு 10 என்று எழுதிவைத்துக்கொண்டு, அதே எண்ணை 40 மடங்கு லென்ஸுக்கும் போட்டேன். அங்கே ஒரு கோடு இரண்டரைதான். 9 மைக்ரோமீட்டர் செல் என் நோட்டில் 36 ஆகிவிட்டது. வகுப்பில் ஒரு பையன், "உன் பாசி செல்லு வெங்காயத் தோல் செல்லு மாதிரி இருக்கே" என்று கிண்டல் செய்தபோதுதான் உறைத்தது. மைக்ராஸ்கோப்பின் கழுத்தில் ஒரு சீட்டு ஒட்டி, ஒவ்வொரு லென்ஸின் கணக்கையும் எழுதிவைத்தேன். அடுத்த வருடத்துப் பிள்ளைகளும் அதைத்தான் பார்த்தார்கள்.

அனாமலஸ் என்ற பெயரின் பூர்வீகத்தைத் தேடியபோது எனக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. பெயர் வெளியான வருடம் 1842. வைத்தவர் பாரீஸில் இருந்த கமில் மோன்டாஞ். செடி போனது எங்கிருந்து? நீலகிரியிலிருந்து. புதுச்சேரியில் இருந்த பெரோட்டே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் இந்த மலையில் சேகரித்து அனுப்பிய பாசி, காளான், லைக்கன்களை எல்லாம் மோன்டாஞ் பட்டியலிட்டு வெளியிட்டார். அதில் ஒன்று இது. ஏழு மாதம் வெளியூர்க்காரன் என்று நினைத்து முகவரி தேடியவன், பக்கத்து வீட்டுக்காரன். ஒரு பெயர் எந்த மாதிரியை வைத்து எழுதப்பட்டதோ அதை டைப் என்பார்கள். பெயர் குறித்துச் சண்டை வந்தால் அதை எடுத்துப் பார்த்துத்தான் தீர்ப்பு. மோன்டாஞ்சின் சேகரிப்பு பாரீஸில் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பாசிக்கு டைப் அங்கே, பொட்டலம் எண் 31 கேத்தியில்.

மோன்டாஞ் பெயரை அதற்கு முன்பே வேறு பாடத்தில் படித்திருந்தேன். 1845-இல் ஐரோப்பாவில் உருளைக்கிழங்குப் பயிரைக் கருக்கிய பூஞ்சைக்கு போட்ரைட்டிஸ் இன்ஃபெஸ்டன்ஸ் என்று பெயர் வைத்தவரும் இதே ஆள்தான். இன்று அதை ஃபைட்டோஃப்தோரா என்ற பேரினத்தில் வைக்கிறார்கள். உண்மையான பூஞ்சையே இல்லை என்கிறார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கருகல். மூடுபனி நாலு நாள் சேர்ந்தாற்போல் நின்றால் அப்பாவின் முகமும் கருகும். அன்று சாப்பிடும்போது இதைச் சொன்னேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"பேரு வெச்சாரு, சரி. மருந்து சொன்னாரா?"

"இல்லப்பா. போர்டோ கலவை வர இன்னும் நாப்பது வருஷம் ஆச்சு."

"ம்" என்றார். அவ்வளவுதான்.

ஆனால் அடுத்த வாரம் நிலத்து வாய்க்கால் கல்லில் இருந்து ஒரு பாசியைப் பெயர்த்து, வெற்றிலைப் பொட்டலக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். மேலே தேதி இல்லை.

பல்லைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. என் அனாமலஸில் காப்சூல் (ஸ்போர் என்னும் வித்துத்தூள் உருவாகும் பை) கிடைக்கவில்லை. அது கிடைத்தது வீட்டுக்குப் பின்னால் மண்திட்டில், ஐந்து மில்லிமீட்டர்கூட இல்லாத இன்னொரு ஃபிசிடென்ஸில், மார்கழியில். பச்சைச் செடியின் மேல் மெல்லிய காம்பு, அதன் நுனியில் காப்சூல், காப்சூலுக்கு மூடி, மூடிக்கு மேல் தொப்பி. தொப்பி விழுந்து மூடியும் கழன்ற காப்சூலின் வாயில் செந்நிறப் பற்கள் ஒரு வட்டமாக நிற்கும். 16 பற்கள், ஒவ்வொன்றும் பாதிக்கு மேல் இரண்டாகப் பிளந்து. ஹெட்விக் வைத்த பெயருக்கு அர்த்தம் அங்கே இருக்கிறது. லென்ஸுக்கு அடியில் வைத்துக்கொண்டு மூச்சை விட்டால், ஈரம் பட்டதும் பற்கள் உள்ளே மடங்கும். காய்ந்ததும் மறுபடி வெளியே விரியும். ஸ்போர்கள் சிதறுவது அந்த அசைவில்தான். அன்று மாலை பவர் கட். டார்ச் வெளிச்சத்தில் அம்மாவையும் கூப்பிட்டு மூச்சு விடச் சொன்னேன். அவள் ஊதியது பலமாகிப் போய், காப்சூலே பறந்துவிட்டது.

பற்களின் அமைப்பு, நரம்பின் குறுக்குவெட்டில் செல்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறை, காப்சூல் சுவரின் செல் வரிசைகள் ஆகியவற்றை வைத்துத்தான் இன்று இந்தப் பேரினத்தை உட்பிரிவுகளாகப் பிரிக்கிறார்கள். அதனால் சேகரிக்கும்போது காப்சூல் இருக்கும் செடிக்கு முதலிடம் கொடுங்கள், மூடி கழன்றது ஒன்று, கழலாதது ஒன்று. மழை ஓய்ந்த பின் தொடங்கி உறைபனிக் காலம்வரை ஒரே இடத்துக்கு மாதம் ஒரு தடவை போனால் எப்போதாவது மாட்டும்.

கடைசியாகச் சரிபார்க்கக் கோயம்புத்தூர் போனேன். வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. மெட்ராஸ் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரச் சேகரிப்பு அங்கேதான். கல்லூரிக் கடிதத்தோடு முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொண்டு போக வேண்டும். பழைய மாதிரிகளைப் பார்க்கலாம், வரையலாம்; கேட்காமல் ஒரு இலையைக்கூடப் பிய்க்கக் கூடாது. என் கவட்டை ஸ்லைடுகளையும் வெளிர்ப்பட்டைப் படங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபோது கை நடுங்கியது உண்மை. ஒத்துப்போயின. திரும்பி வரும்போது மேட்டுப்பாளையத்தில் மலைப் பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் நின்றேன், கோபமே வரவில்லை.

பிறகு அனுமதிக் கடிதம் வந்து சோலைக்குள்ளும் போனேன், பொட்டலங்கள் 112 ஆயின. இப்போது ஒரு பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன். பிள்ளைகள் கேரட் கொண்டுவருகிறார்கள், பாதி தின்றது போக மீதியில் வெட்டுகிறோம். அப்பா கொடுத்த பாசிக்கு எண் 41. அதன் மேல் தேதியை நான்தான் குத்துமதிப்பாக எழுதினேன். ஃபிசிடென்ஸ்தான், சந்தேகமில்லை; ஓரத்தில் நூல்போல் நீண்ட செல்கள் இருக்கின்றன, இந்தத் தடவை நிஜமான கரை. ஆனால் காப்சூல் இல்லை. பொட்டலத்தில் பேரினத்துக்குப் பக்கத்தில், சிற்றினம் எழுத வேண்டிய இடத்தில், பென்சிலால் ஒரு கேள்விக்குறி நிற்கிறது. மார்கழியில் அந்த வாய்க்கால் கல்லைப் போய்ப் பார்க்க வேண்டும்.